வாழ்வதற்கும் ஒரு கோச்சா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர்ப் பிரச்சினை பேசலாம் என்று வந்து என் பேச்சில் மாட்டிக்கொண்டவர்களுக்கும், கூட்டத்துக்கு வராமல் வீட்டில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து இதைச் செய்திமடலில் படிக்கிற உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

"டீச்சர், போன மார்கழியில் பெங்களூர் போய்விட்டு வந்ததிலிருந்து ஆளே மாறிவிட்டீர்களே, என்ன விஷயம்?" என்று செயலாளர் கேட்டார். ஒரு லைஃப் கோச்சிடம் நாலு மாதம் பேசினேன் என்றேன். சிரித்தார். "படிக்கக் கோச்சிங், நீட்டுக்குக் கோச்சிங், இப்போது வாழ்வதற்கும் கோச்சிங்கா?" என்றார். சிரித்துவிட்டு, அதையே கூட்டத்தில் பேசச் சொல்லிவிட்டார். அவர் சிரித்ததில் தப்பில்லை. முதலில் நானும் சிரித்தவள்தான்.

கோச் என்றால் கேத்திக்காரர்களுக்கு ரயில் பெட்டி. அந்த வார்த்தையின் கதையும் வண்டியில்தான் தொடங்குகிறது. ஹங்கேரியில் கோச் என்ற கிராமத்தில் நல்ல குதிரை வண்டி செய்தார்கள். ஊர்ப் பெயரே வண்டிக்கு வந்தது. பிறகு 19ஆம் நூற்றாண்டில், மாணவனைப் பரீட்சை தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆசிரியரை இங்கிலாந்து பல்கலைக்கழகப் பையன்கள் கேலியாக அப்படி அழைக்க ஆரம்பித்தார்கள். பயணம் போகிறவர் நாம், வண்டி அவர். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நம் மலை ரயிலின் நீராவி எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. நான் பார்த்த கோச்சும் ஏறக்குறைய அப்படித்தான்.

விளையாட்டில் இதை யாரும் கேலி செய்வதில்லை. நம் சென்னைப் பையன் குகேஷை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனான். அந்தப் போட்டியில் மொத்தம் 14 ஆட்டங்கள். முதல் ஆட்டத்திலேயே, வெள்ளைக் காய் வைத்துக்கொண்டு, தோற்றான். மூன்றாவதில் ஜெயித்துச் சமன் செய்தான். பதினொன்றாவதில் ஜெயித்து முன்னால் போனவன், அடுத்த நாளே பன்னிரண்டாவதில் தோற்றான். கடைசி ஆட்டத்தில் கறுப்புக் காயோடு ஜெயித்து ஏழரைக்கு ஆறரை என்று முடித்தான். காய் நகர்த்தச் சொல்லிக் கொடுக்க அவனிடம் பெரிய கிராண்ட்மாஸ்டர்கள் இருந்தார்கள். அவர்களைத் தவிர பாடி அப்டன் என்ற தென்னாப்பிரிக்கரும் இருந்தார். 2011இல் நம் கிரிக்கெட் அணி உலகக் கோப்பை வென்றபோது அதன் மனப் பயிற்சியாளராக இருந்தவர். குகேஷுக்கு அவர் செஸ் சொல்லித் தரவில்லை. தோற்ற இரவில் எப்படித் தூங்குவது, ஓடுகிற மனதை என்ன செய்வது என்பதுதான் அவருடைய பாடம்.

உலகச் சாம்பியனுக்கே தோற்ற ராத்திரியைக் கடக்க ஒரு ஆள் தேவைப்படுகிறது என்றால், அறுபத்துநாலு வயதில் தனியாக இருக்கிற கணக்கு டீச்சருக்குத் தேவைப்படக் கூடாதா? அன்றைக்கு இப்படி நினைக்கத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். மூன்று வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரர் போய்விட்டார். ஒரு ஏக்கர் இருபது சென்ட் தேயிலை இருக்கிறது. ஆள் பிடிப்பது, கொழுந்து பறிக்க வைப்பது, கவாத்து, உரம், ஃபேக்டரிக்கு ஏற்றுவது எல்லாம் அவர் பார்த்தது. எனக்குச் செடியைத் தெரியும், கணக்கைத் தெரியாது. கணக்கு டீச்சர் இப்படிச் சொல்வது வெட்கம்தான். மகன் பெங்களூரில். சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம், "விற்றுவிட்டுப் பிள்ளையோடு போய் இரு, இந்தக் குளிரில் என்ன கட்டிவைத்திருக்கிறாய்?" என்பார்கள். போன் அடித்தால் வயிற்றைக் கலக்கும். இரண்டு வருடம் ஒரு முடிவும் எடுக்காமலே ஓட்டினேன்.

நடுவில் ஒரு தப்பும் செய்தேன். மூன்றே நாளில் வாழ்க்கையை மாற்றுகிறோம் என்று கோயம்புத்தூரில் ஒரு ஓட்டலில் நடந்த முகாமுக்குப் போனேன். பதினெட்டாயிரம் ரூபாய். முந்நூறு பேர், பெரிய ஒலிபெருக்கி. எழுந்து நின்று கை தட்டி "நான் வெற்றியாளர்" என்று கத்தச் சொன்னார்கள். நானும் கத்தினேன். மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியாறு வருவதற்குள் அந்தச் சத்தம் அடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தால் அதே வீடு, அதே தேயிலை. இன்னொரு முகாம், இதைவிட உயர்ந்த நிலை, நாற்பதாயிரம் என்று மட்டும் மாதம் தவறாமல் போன் வந்தது.

அதனால் மருமகள் ஒரு கோச்சைப் பற்றிச் சொன்னபோது வேண்டாம் என்றேன். அவள் முதல் இரண்டு சந்திப்புக்குப் பணம் கட்டிவிட்டு அப்புறம்தான் சொன்னாள். காசு வீணாகுமே என்றுதான் உட்கார்ந்தேன். அவர் சென்னையில் இருக்கிற அம்மா, என்னைவிடப் பத்து வயது சின்னவர். வாட்ஸ்ஆப் வீடியோவில் இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம். மொத்தம் எட்டு முறை, ஒரு முறைக்கு இரண்டாயிரம். பனி இறங்கினால் சிக்னல் போகும், கரண்ட் போகும். ஒரு முறை மாடிப்படியில் உட்கார்ந்து பேசினேன்.

முதல் கேள்வியே என்னை நிறுத்திவிட்டது. "நாலு மாதம் முடியும்போது என்ன மாறியிருந்தால், இது வீண் போகவில்லை என்று சொல்வீர்கள்?" வீடு, நிலம், பணம் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது, "மகன் போனை எடுக்கும்போது வயிறு கலங்கக் கூடாது." சொன்ன பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

இரண்டாவது சந்திப்பில், "பையன் விற்கச் சொல்லி வற்புறுத்துகிறான்" என்றேன். "அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கள்" என்றார். யோசித்தேன். யோசித்தேன். அவன் சொன்னது, "குளிர்காலத்திலாவது இங்கே வந்து இருங்கம்மா." அவ்வளவுதான். விற்கச் சொன்னது சித்தப்பாவும் நாத்தனாரும். எல்லாப் பேச்சையும் ஒரே மூட்டையாகக் கட்டி அவன் தலையில் வைத்து, இரண்டு வருடம் பெற்ற பிள்ளையோடு மனதுக்குள் சண்டை போட்டிருக்கிறேன். அதை அவர் எனக்குச் சொல்லவில்லை. கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார், அவ்வளவுதான். முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் விடையை நானே எழுதிக் கொடுத்தவள் நான். கேள்வி கேட்டுவிட்டு இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும் என்பதே எனக்குப் புதிது.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். டிமதி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் ஆசிரியர் 1974இல் ஒரு புத்தகம் எழுதினார். கையை இப்படிப் பிடி, காலை அப்படி வை என்று சொல்லச் சொல்ல ஆட்டக்காரர் இறுகிப்போவதை அவர் கவனித்திருக்கிறார். அதனால் திருத்துவதை விட்டுவிட்டு, பந்து தரையில் படும்போது ஒரு சொல், மட்டையில் படும்போது ஒரு சொல், அதை மட்டும் வாய்விட்டுச் சொல் என்றாராம். கவனம் பந்துக்குப் போனதும் கை தானாகச் சரியாகிவிட்டது. அந்த வழியில் வந்த ஜான் விட்மோர், ஒரு காலத்தில் கார் பந்தய வீரர், 1992இல் அதை அலுவலகங்களுக்கு ஏற்றபடி எழுதினார். உனக்கு என்ன வேண்டும், இப்போது எங்கே நிற்கிறாய், என்னென்ன வழி இருக்கிறது, எதை எப்போது செய்யப்போகிறாய் என்று நாலு கேள்வியில் அடங்கிவிடும். கேட்டால் சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் நாலாவதிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம்: "இதைச் செய்."

ஒவ்வொரு முறையும் வீட்டுப்பாடம் உண்டு, அதையும் நானே எனக்குக் கொடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது முறை, ஒரு வருடத் தேயிலைக் கணக்கை எழுதுகிறேன் என்றேன். பச்சைத் தேயிலைக்கு வந்த பணம் ஒரு பக்கம், பறிகூலி, உரம், வண்டி வாடகை மறுபக்கம். எழுதி முடித்தால் கைக்காசு போட்டுத் தோட்டம் நடத்திக்கொண்டிருக்கிறேன். லாபம் என்று நினைத்து அதை வைத்திருக்கவில்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் அவர் அங்கே தொப்பி போட்டுக்கொண்டு நிற்பது போல இருக்கும், அதற்காக. அதைச் சொல்லும்போது அழுதேன். அழட்டும் என்று விட்டார்.

அடுத்து நடந்ததைச் சபையில் சொல்ல வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நாலாவது சந்திப்பில் பேச்சுவாக்கில், தினமும் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, விடியும்வரை சும்மா உட்கார்ந்திருப்பேன், சமைக்கவே தோன்றுவதில்லை, ஆறு கிலோ குறைந்துவிட்டேன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "டீச்சர், இது என் வேலை இல்லை. நீங்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். பார்த்த பிறகு தொடரலாம்" என்றார். அந்த மணி நேரத்துக்குப் பணமும் வாங்கவில்லை. ஊட்டியில் மனநல மருத்துவரைப் பார்த்தேன். மனச்சோர்வு என்றார். சில மாதம் மாத்திரை சாப்பிட்டேன். தூக்கம் வந்தது. கோச்சால் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், அவர் தன் எல்லையைத் தெரிந்து வைத்திருந்தது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் நாட்டில் லைஃப் கோச் என்று பலகை மாட்ட எந்த உரிமமும் வேண்டாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். கோச்சுக்கு அப்படிச் சட்டம் இல்லை. 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேசக் கோச் கூட்டமைப்பு தானாகவே ஒரு தகுதிச் சான்று தருகிறது; அதன் முதல் படிக்கே 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர அனுபவமும் கேட்கிறார்கள். என்னுடையவரிடம் அது இருந்தது. சான்று இருந்தால் நல்லவர் என்று அர்த்தமில்லை, ஆனால் கேட்டுப் பாருங்கள், கேட்டதும் கோபித்துக்கொள்கிறவரிடம் போகாதீர்கள். மொத்தப் பணத்தையும் முதலிலேயே கட்டச் சொன்னாலும் போகாதீர்கள். நான் பேசுவது யாருக்குப் போகும் என்று கேளுங்கள். எந்த நிலைமையில் என்னை டாக்டரிடம் அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். நோயைக் குணமாக்குகிறேன், பணம் கொட்டும் என்று பேசினால் போனை வைத்துவிடலாம். மனது ரொம்பக் கனமாக இருக்கிறவர்கள் கோச்சைத் தேடவே வேண்டாம். அரசின் டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எப்போதும் இலவசம், தமிழிலும் பேசலாம். அதைப் பிரிட்ஜ் மேல் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன்.

கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மகனைக் கூப்பிட்டு நேராகக் கேட்டேன், "நான் இந்த வீட்டை விற்க வேண்டும் என்று நினைக்கிறாயா?" "யாரும்மா சொன்னது?" என்றான். தேயிலையைப் பக்கத்துத் தோட்டக்காரருக்குக் குத்தகைக்கு விட்டேன். ஜன்னலைத் திறந்தால் செடி அங்கேதான் இருக்கிறது. உறைபனி விழுகிற இரண்டு மாதம் பெங்களூரில், மற்ற பத்து மாதம் இங்கே. பெங்களூரில் இரண்டாவது மாதம் மருமகளும் நானும் சமையலறையில் முட்டிக்கொண்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் போன் அடித்தால் இப்போது எடுக்கிறேன்.

பதினாறாயிரம் எல்லோராலும் முடியாது. முடிந்தவர்களுக்கும் தேவைப்படாமல் இருக்கலாம். நம் குடியிருப்பில் பாதி வீட்டில் பிள்ளைகள் கோவையிலும் பெங்களூரிலும், இன்னும் சிலர் கடல் தாண்டியும். மீதி இருக்கிற நாம் வழியில் பார்த்தால் காட்டெருமை வந்ததா, தண்ணீர் வந்ததா என்று கேட்கிறோம். அதற்கு மேல் கேட்பதில்லை. சங்கத்திடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்: மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலை நாலு மணி, சங்க அறை. இரண்டு இரண்டு பேராக உட்காருவோம். அரை மணி நேரம் ஒருவர் கேட்பார், மற்றவர் பேசுவார், பிறகு மாற்றிக்கொள்வோம். அறிவுரை சொன்னால் ஐந்து ரூபாய் அபராதம், தண்ணீர்த் தொட்டி நிதிக்கு. கணவனும் மனைவியும் ஒரே ஜோடியாக உட்காரக் கூடாது. டீ நான் போட்டுக் கொண்டுவருகிறேன், டம்ளர் நீங்கள் கொண்டுவாருங்கள்.