லிட்டர் வேறு, கிலோ வேறு

(அச்சன்புதூர் குழுக்கள் கூட்டத்தில் பேசியது)



நம்ம பக்கம் தென்னந்தோப்புக்குக் குறைவில்லை. தேங்காய் எண்ணெய் வாங்கி விற்க நினைக்கும் குழுக்கள் முதலில் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்வோம். "ஒரு லிட்டர்னா ஒரு கிலோதானே?" என்று நாம் பேச்சுவாக்கில் சொல்கிறோம். தண்ணீருக்கு அது ஏறக்குறைய சரி. எண்ணெய்க்குச் சரிவராது.

ரசத்தில் தாளித்துக் கொட்டிய எண்ணெய் மேலே மிதக்குதே, ஏன்? அதே அளவு தண்ணீரைவிட எண்ணெயின் எடை குறைவு. ஒரு லிட்டர் எத்தனை கிலோ என்பதைத்தான் அடர்த்தி என்கிறோம். தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 920 கிராம், அதாவது 0.92 கிலோ. பால் சுமார் 1,030 கிராம். தேன் சுமார் 1,400 கிராம்.

கணக்கு சுலபம். லிட்டரை அடர்த்தியால் பெருக்கினால் எடை வரும். 10 லிட்டர் எண்ணெய் என்றால் 10 × 0.92 = 9.2 கிலோ. எடையை அடர்த்தியால் வகுத்தால் லிட்டர் வரும். 15 கிலோ டின்னில் சுமார் 16.3 லிட்டர் இருக்கும்.

இது தெரியாவிட்டால் என்ன நஷ்டம்? லிட்டர் 300 ரூபாய்க்கு வாங்கி, கிலோ 330 ரூபாய்க்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 30 ரூபாய் லாபம்னு தோணும். ஆனால் ஒரு கிலோ நிறுக்க சுமார் 1.087 லிட்டர் ஊற்ற வேண்டும். அடக்கவிலையே 326 ரூபாய். மிச்சம் 4 ரூபாய்தான். பாட்டில் செலவு, பஸ் செலவு, வங்கிக் கடன் வட்டி எல்லாம் அதற்குள் அடங்குமா?

இன்னொன்று, சூடு ஏறினால் எண்ணெய் விரியும். சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம் என்று மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் எடுத்துக்காட்டியது. லிட்டர் கணக்கில் அடைத்து விற்பவர்கள், வெப்பநிலையைக் குறிப்பிடாமல், எடையையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்றும், 2023 ஜனவரி 15-க்குள் இதைச் சரிசெய்ய வேண்டும் என்றும் சொன்னது. கடையில் பாக்கெட் வாங்கும்போது கிராம் எவ்வளவு என்று பார்த்து வாங்குவோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் நாமே செய்து பார்ப்போம். காலிப் பாத்திரத்தை நிறுத்து எழுதுவோம். லிட்டர் படியால் ஒரு லிட்டர் எண்ணெய் அளந்து அதில் ஊற்றி மறுபடி நிறுப்போம். முதல் எடையைக் கழித்தால் நம் எண்ணெயின் அடர்த்தி தெரிந்துவிடும். அதைக் கணக்கு நோட்டில் குறித்துவைத்து, பிறகு விலை வைப்போம்.