புதிய கணினியில் பழைய நிரல்



கணினியை மாற்றுவது எளிது. அதில் நடந்துகொண்டிருந்த வேலையை மாற்றுவதுதான் கடினம். ஒரு வர்த்தக நிலையத்தின் சம்பளக் கணக்கை, அன்றி ஓர் ஆய்வுகூடத்தின் அளவைக் கருவியை ஆளும் நிரல், அதனை எழுதியவர் விலகிச் சென்ற பின்னரும் ஆண்டுக்கணக்காக உழைத்துக்கொண்டிருக்கும். புதிய இயந்திரம் வந்த அன்று அந்நிரல் இயங்க மறுத்தால், கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

இச்சங்கடம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1959 இல் அறிவித்த 1401 என்னும் கணினி ஆயிரக்கணக்கில் பரவியிருந்தது. 1964 இல் அந்நிறுவனமே சிஸ்டம் 360 என்ற புதிய வரிசையை அறிவித்தது. இதன் கட்டளைகளோ முற்றிலும் வேறானவை. நிரல்களையெல்லாம் திரும்ப எழுதச் சொன்னால் வாடிக்கையாளர் போட்டியாளரிடம் போய்விடுவர். ஆகவே, வேண்டியபோது பழைய 1401 ஐப் போலவே நடிக்கும் வசதி புதிய இயந்திரத்திற்கு அளிக்கப்பட்டது.

கணினியின் நிருவாகியான இயங்குதளத்திற்கும் இதே கடமை உண்டு. மைக்ரோசொப்ட் நிறுவனம் 1995 இல் விண்டோஸ் 95 ஐ வெளியிடுமுன் நடந்ததொன்றை, மென்பொருள் வல்லுநர் ஜோயெல் ஸ்பொல்ஸ்கி 2004 இல் எழுதியிருக்கிறார். சிம்சிட்டி என்னும் விளையாட்டு நிரலில் ஒரு பிழை இருந்தது. நினைவகத்தில் தான் பெற்ற இடத்தைத் திருப்பிக் கொடுத்த பின்பும் அது அவ்விடத்தையே வாசித்தது. அறையைக் காலிசெய்து சாவியை ஒப்படைத்தவர், மீண்டும் உள்ளே போய்த் தம் பெட்டியைத் தேடுவது போன்ற செயல் இது! முந்திய விண்டோசில் அவ்வறை உடனே மற்றொருவருக்குப் போகாததனால் பிழை வெளிப்படவில்லை. புதியதிலோ விளையாட்டு நின்றுபோயிற்று. மைக்ரோசொப்ட் என்ன செய்தது? சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் அவ்விடத்தை உடனே விடுவிக்காதிருக்குமாறு விண்டோசிலேயே தனிக் கட்டளை சேர்த்தது. பிறர் பிழைக்கு இவ்வளவு பணிவிடையா என்று கேட்கலாம். ஆனால் விளையாட்டு நின்றால் வாங்கியவர் நோவது புதிய விண்டோசைத்தானே! வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இது தக்க செயலே.

இப்பொறுமைக்கும் எல்லையுண்டு. விண்டோசின் 64 பிட் பதிப்புகள் டொஸ் காலத்து 16 பிட் நிரல்களை நேரே ஏற்பதில்லை. 2021 இல் வந்த விண்டோஸ் 11 க்கு 64 பிட் தவிர வேறு பதிப்பே இல்லை. இந்நிலையில் கைகொடுப்பது, 2002 இல் வெளிவந்த டொஸ்பொக்ஸ் போன்ற நிரல். பழைய கணினியின் செயலி, திரை, ஒலி அட்டை ஆகிய அனைத்தையும் அது தன்னுள்ளே பாவனை செய்கின்றது. வேகத்தையுங்கூடப் பாவனை செய்ய வேண்டியிருக்கின்றது. செயலியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டு எழுதப்பட்ட பழைய விளையாட்டுகளை இன்றைய வேகத்தில் ஓடவிட்டால், ஆடுபவர் விரலை அசைக்குமுன்பே ஆட்டம் முடிந்துவிடும். ஆதலால் டொஸ்பொக்சில் கன்ட்ரோல் விசையுடன் எப் 11 ஐ அழுத்தினால் வேகம் தணியும். எப் 12 ஐ அழுத்தினால் கூடும்.