மூடப்பட்டது சோற்றுக்கடையா?
(தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



ஆலைக் கேண்டீனை மூடியதற்காக ஒரு கூட்டமா என்று சிலர் கேலி பேசுகிறார்கள். வயிறு நிரம்பியவர்களுக்குச் சோறு சின்ன விஷயமாகத்தான் தோன்றும்.

கேண்டீனால் நஷ்டம் என்று காரணம் சொல்லப்படுகிறது. யந்திரத்துக்கு எண்ணெய் விடும் செலவை யாராவது நஷ்டம் என்கிறார்களா? மனிதன் மாத்திரம் காய்ந்த வயிற்றோடு ஓடுவான் என்பதற்கு என்ன ஆதாரம்? இங்கிலாந்தில் 1940-ல், யுத்த நெருக்கடியிலேயே, 250 பேருக்கு மேற்பட்ட ஆயுதத் தொழிற்சாலைகளைக் கேண்டீன் வைக்கச் செய்ய உத்தரவு பிறந்தது. தொழிலாளி மீது பரிதாபமா? இல்லை. பசித்தவன் கையால் பீரங்கி உருவாகாது என்ற கணக்குத்தான்.

நம் நாட்டிலும், 250 பேருக்கு மேற்பட்ட தொழிற்சாலைகளில் கேண்டீன் நடத்த விதி செய்யலாமென்று 1948-ம் வருஷத்துப் பாக்டரிச் சட்டத்தின் 46-வது பிரிவு சொல்லிற்று. அதன் நிர்வாகக் கமிட்டியில் தொழிலாளருக்கும் இடமுண்டு என்றது. 2020-ம் வருஷத்துச் சட்டமோ 100 பேர் போதும் என்று குறைத்து, காண்ட்ராக்ட் ஆட்களையும் அந்தக் கணக்கில் சேர்த்தது. ஆகவே கேண்டீன் சோறு முதலாளியின் தருமமல்ல. நம் உழைப்பின் பங்கு. திருவிழாவில் ஒருநாள் சோறு போட்டால் அன்னதானப் பிரபு! அவருக்காகத் தினமும் உழைப்பவனுக்குப் போட்டால் அது வீண் செலவா?

சரி, மூடியதால் அந்தச் செலவு ஒழிந்துபோயிற்றா? இல்லை. இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். காலை ஷிப்டுக்காக நம் வீட்டுப் பெண்கள் நாலு மணிக்கே அடுப்பு மூட்டுகிறார்கள். வேலைக்குப் போகும் பெண்ணுக்கோ ஆலையிலும் வேலை, அடுப்படியிலும் வேலை. தனியாகத் தங்கியிருப்பவர் அரைமணி இடைவேளையில் கேட்டுக்கு வெளியே ஓடி, கிடைத்ததை விழுங்கிவிட்டு ஓடிவருகிறார். ராத்திரி ஷிப்டுக்காரருக்கு டீயும் பன்னும்தான் கதி. கேண்டீனில் சமைத்தவர்களோ பிழைப்பிழந்து நிற்கிறார்கள்.

இன்னொரு நஷ்டம் எந்தக் கணக்கிலும் வராது. கேண்டீன் பெஞ்சியில் யார் பக்கத்தில் யார் என்று ஜாதி பார்த்து உட்கார இடமில்லை. ஒரே பாத்திரத்துச் சோறு, ஒரே டம்ளர். இப்போது தூக்குச்சட்டியோடு ஆளுக்கொரு மரத்தடி! கொஞ்ச நாளில் அந்த மரத்தடிகளுக்கும் ஜாதி வந்துவிடாதா? ஒன்றாகச் சாப்பிடாதவர்கள் ஒன்றாகச் சேர்ந்து உரிமை கேட்பது எப்படி?

ஆதலால் தோழர்களே, நாம் கெஞ்ச வேண்டியதில்லை. கேண்டீன் வரவு செலவைக் காட்டச் சொல்லுவோம். கமிட்டியில் நமக்குள்ள இடத்தைக் கேட்போம். காண்ட்ராக்ட் ஆட்களையும் சமையல்காரர்களையும் நம்மோடு சேர்த்துக்கொண்டே கேட்போம். கேண்டீன் திறக்கிறவரையில் வீட்டு அடுப்படியில் ஆண்களும் பாதி வேலை செய்வோம். முதலாளி தள்ளிய பாரத்தைப் பெண்கள் தலையில் ஏற்றிவிட்டு நாம் நியாயம் பேசினால், அந்த நியாயத்தை யார் மதிப்பார்கள்?