குடித்தவர் அமர்ந்தால் நகராத கார்

(தோட்ட இளைஞர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். அது பரந்த பொருள். ஆகவே அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குடித்துவிட்டு வந்து அமர்ந்தவரை அறிந்து, அவருக்காக நகர மறுக்கும் காரைப் பற்றியதே இன்றைய என் பேச்சு. கேட்பதற்கு இது கதைபோலத் தோன்றும். ஆயினும் அமெரிக்க நாட்டில் இதற்கெனச் சட்டமே இயற்றியிருக்கிறார்கள்.

2019ஆம் ஆண்டு ஜனவரி மாதம், மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் விடுமுறையைக் கழித்துவிட்டுக் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தது. கெண்டக்கி மாநில நெடுஞ்சாலையில், குடிபோதையில் எதிர்த்திசையில் வண்டி ஓட்டி வந்த ஒருவர் அவர்கள் மீது மோதினார். தாயும் தந்தையும் மூன்று பிள்ளைகளும் மாண்டனர். ஒரு வீட்டின் விளக்குகள் அனைத்தும் ஒரே இரவில் அணைந்தன. இத்தகைய விபத்தைத் தண்டனையால் மட்டும் தடுக்க முடியுமா, புறப்படும் முன்பே வண்டியை நிறுத்த வழியில்லையா என்ற கேள்வி அந்நாட்டு நாடாளுமன்றத்தில் எழுந்தது. அதன் பயனாக, 2021 நவம்பர் 15ஆம் நாள் அதிபர் பைடன் கையெழுத்திட்ட உள்கட்டமைப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது.

அந்தப் பிரிவு சொல்வது இதுதான். புதிதாகச் செய்யப்படும் ஒவ்வொரு பயணிகள் காரிலும், ஓட்டுநர் போதையில் இருக்கிறாரா என்பதைக் கண்டறியும் கருவி இருக்கவேண்டும். அவர் ஓட்டும் விதத்தைக் கவனித்து அறியலாம். இரத்தத்தில் உள்ள மதுவின் அளவைக் கொண்டும் அறியலாம். இரண்டையும் சேர்த்தும் அறியலாம். போதை தெரிந்தால் கார் புறப்படாமல் தடுக்கவேண்டும். அல்லது அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தவேண்டும். இதற்காக ஓட்டுநர் எதையும் தனியாகச் செய்யவேண்டியதில்லை. கருவியே தன் பணியைச் செய்யவேண்டும்.

குழாயில் ஊதினால்தான் இயந்திரம் இயங்கும் பூட்டு ஒன்று அமெரிக்காவில் முன்பே வழக்கில் உண்டு. குடித்து ஓட்டித் தண்டனை பெற்றவர்களின் கார்களில் அதைப் பொருத்துவார்கள். நியூ மெக்சிகோ மாநிலம் 2005ஆம் ஆண்டில், முதல்முறை குற்றம் செய்தவருக்கும் அதைக் கட்டாயமாக்கியது. அந்தப் பூட்டு குற்றம் செய்தவருக்கு உரியது. புதிய சட்டமோ புதுக்கார் வாங்கும் ஒவ்வொருவருக்கும் உரியது. வேறுபாடு பெரிது.

இந்தக் கருவி எவ்வாறு போதையை அறியும்? மூன்று வழிகளை ஆராய்ந்து வருகிறார்கள். முதலாவது மூச்சு. நாம் வெளிவிடும் காற்றில் கரியமிலவாயு உண்டு. குடித்தவரின் மூச்சில் மதுவும் கலந்திருக்கும். இவ்விரண்டும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை வெவ்வேறு விதமாக உறிஞ்சுகின்றன. ஒளியைச் செலுத்தி இரண்டையும் ஒப்பிட்டால் மதுவின் அளவு தெரியும். இரண்டாவது தொடுகை. இயக்கும் பொத்தானில் விரல் பட்டவுடன், தோலுக்குள் அதேபோன்ற ஒளியைச் செலுத்தி அளப்பது. மூன்றாவது கண்காணிப்பு. இமைகள் சொருகுகின்றனவா, பார்வை சாலையில் நிலைக்கிறதா, கார் கோட்டை விட்டு விலகி அலைகிறதா என்று சிறு கேமரா கவனிப்பது. முதல் இரண்டு வழிகளுக்கான ஆராய்ச்சியை அரசும் கார் உற்பத்தியாளர்களும் 2008ஆம் ஆண்டிலேயே கூட்டாகத் தொடங்கிவிட்டனர்.

2022ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் குடிபோதை தொடர்பான விபத்துகளில் 13,500 பேருக்கும் மேல் உயிரிழந்தனர். இத்தகைய கருவிகளால் ஆண்டுக்கு 9,400 உயிர்களுக்கு மேல் காக்கலாம் என்ற மதிப்பீடு அச்சட்டத்திலேயே குறிக்கப்பட்டுள்ளது. அப்படியானால் ஏன் தயக்கம் என்று நீங்கள் கேட்கலாம். மூன்றாண்டுகளுக்குள், அதாவது 2024 நவம்பருக்குள், விரிவான விதிகளை வகுக்கவேண்டும் என்று சட்டம் கூறியது. கெடு கடந்தது, விதிகள் வரவில்லை. காரணத்தை நாம் நியாயமாக எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆயிரம் முறைக்கு ஒருமுறை மட்டுமே தவறும் கருவியை நாம் நல்ல கருவி என்போம். ஒரு கோடி முறை கார்கள் புறப்பட்டால், அந்தக் கருவி பத்தாயிரம் முறை தவறிவிடும். குடிக்காத மனிதர் நள்ளிரவில் நோயுற்ற குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல விரையும்போது கார் நகர மறுத்தால் என்ன செய்வார்? மேலும், காருக்குள் இருக்கும் கேமரா சேர்க்கும் செய்திகள் யார் கைக்குப் போகும் என்ற அச்சமும் அங்கே மக்களிடம் உண்டு. இவை புறக்கணிக்கத்தக்க கேள்விகள் அல்ல.

இதற்கு முன்னோடியாக ஒரு வரலாறும் இருக்கிறது. 1974ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில், முன்னிருக்கைப் பட்டையை மாட்டினால்தான் இயந்திரம் இயங்கும் ஏற்பாட்டை அமெரிக்க அரசு கொண்டுவந்தது. இருக்கையில் காய்கறிப் பையை வைத்தாலும், ஆள் அமர்ந்திருப்பதாக எண்ணிக் கார் அடம்பிடித்தது. மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு அக்டோபரிலேயே நாடாளுமன்றம் அந்த ஏற்பாட்டை நீக்கிவிட்டது. பட்டை உயிர் காக்கும் என்பது அன்றும் உண்மைதான். ஆயினும் மக்கள் மனம் ஏற்காததால் கருவி தோற்றது. நம் நாட்டில் 1979ஆம் ஆண்டு முன்னிருக்கைக்கும், 2009ஆம் ஆண்டு பின்னிருக்கைக்கும் பட்டை கட்டாயமாக்கப்பட்டது. கார் நம்மை வற்புறுத்தவில்லை. சட்டமும், அறிவுரையும், வீட்டிலுள்ளோரின் வார்த்தையும் சேர்ந்தே அந்தப் பழக்கத்தை உண்டாக்கின.

அன்பர்களே, இனி நம் வாசலுக்கு வருவோம். அந்தக் கருவி நாளையே நம் நாட்டிற்கு வந்தாலும், அது புதிய கார்களில்தான் இருக்கும். நம்மிடையே ஓடுவன பத்து, பதினைந்து ஆண்டுகள் பழகிய வண்டிகள். அதைவிட முக்கியமானது ஒன்று. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போவதும் வருவதும் அதில்தான். அமெரிக்கச் சட்டத்தில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை.

நமக்கு இருப்பது நம் சட்டம். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் அனுமதிக்கப்படும் மதுவின் அளவு 80 மில்லிகிராமிலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்கக் கருவிக்கு வகுத்த எல்லை 80 என்பதால், நம் சட்டம் அதைவிடக் கடுமையானது. வரம்பு மீறி ஓட்டி முதல்முறை பிடிபட்டால் 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம். ஈராண்டு வரை சிறையும் உண்டு. போதையில் ஓட்டி ஓர் உயிரைப் போக்கினால் பத்து முதல் பதினைந்து ஆண்டுச் சிறையும், 50,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமும் காத்திருக்கின்றன. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம் அதன் பிறகு எவ்வாறு நிமிரும்?

இன்னொரு செய்தியையும் இளைஞர்கள் மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டும். குடித்து உறங்கி எழுந்தால் போதை தெளிந்துவிட்டது என்று எண்ணுகிறோம். உடல் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் என்ற அளவில்தான் இரத்தத்திலுள்ள மதுவைக் கழிக்கிறது. நள்ளிரவில் 150 மில்லிகிராம் இருந்தவருக்கு, காலை ஆறு மணிக்கும் 60 மில்லிகிராம் எஞ்சியிருக்கும். பெரட்டுக்கு மோட்டார் சைக்கிளில் புறப்படும் அந்த நேரத்தில் அவர் இன்னும் சட்டத்தின் பார்வையில் குடித்தவரே. கோப்பியும் குளிர்ந்த நீரும் தூக்கத்தைக் கலைக்கும், மதுவைக் கழிக்கமாட்டா.

ஆகவே, எந்திரம் வரும்வரை அதன் வேலையை நாம்தான் செய்யவேண்டும். அமெரிக்கக் கருவி செய்ய முயல்வது என்ன? குடித்தவரிடம் சாவியைக் கொடுக்க மறுப்பது. அதை ஒரு மனைவி செய்யலாம்; அண்ணன் செய்யலாம்; உடன் குடித்த நண்பனும் செய்யலாம். திருமண வீட்டில் மொய் எழுத ஒருவரை அமர்த்துகிறோம். வண்டிச் சாவிகளை வாங்கி வைக்கவும் ஒருவரை அமர்த்துவோம். தள்ளாடி வருபவருக்குப் பாய் விரித்துக் கொடுப்போம். விடிந்த பிறகும் தெளிந்தாரா என்று பார்த்தே சாவியைத் தருவோம். "என்னை நம்பவில்லையா?" என்று அவர் கோபிக்கலாம். அந்தக் கோபம் இரண்டு நாளில் ஆறும். சாவியைக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்தினால், அந்த வருத்தம் ஆயுளுக்கும் ஆறாது.

குடியை எதிர்த்து நிற்பது தோட்ட மக்களுக்குப் புதிதன்று. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. எழுத்தறிவு பெறும் வாய்ப்புக்கூடக் குறைந்திருந்த அக்காலத்தில், குடி தம் குடும்பத்தைத் தின்கிறது என்பதை நம் முன்னோர் தாமே உணர்ந்து குரல் கொடுத்தனர். பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் வாய்ப்புப் பெற்ற நாம் அவர்களைவிடக் குறைந்தவர்களாக இருக்கலாகாது.

கருவிகள் செம்மையுற்று, தவறுகள் குறைந்து, ஒருநாள் எல்லா வண்டிகளிலும் வரட்டும், வரவேற்போம். அதுவரை, இந்த மன்றத்தின் அடுத்த விருந்திலேயே சாவிப் பெட்டி ஒன்றை வாசலில் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.