கடைக்கண் வழியே ஓர் உலகம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘பார்வை’ என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் பணித்தார். கவிஞர்கள் கூடிய அவையில் அச்சொல்லைக் கேட்டதும் அகத்துறைப் பாடல்கள் நினைவுக்கு வருவது இயல்பு. நான் பேசவிருப்பதோ ஒரு நோயைப் பற்றி. விழித்திரையின் நடுப்பகுதி இளமையிலேயே சிதையும் நோய் அது. என் இருபத்து மூன்றாம் வயதில் மருத்துவர் அதனை எனக்குப் பெயர் சொல்லி உரைத்தார். ஆகவே இது ஏட்டறிவு மட்டுமன்று.

நெய்வேலி வாழ்வோர்க்கு வட்டம் என்பது முகவரி. பழுப்பு நிலக்கரிக்காக 1956இல் நிறுவனம் தோன்ற, அதற்கென எழுந்த இந்நகரில் ‘எந்த வட்டம்?’ என்று கேட்டே ஒருவரையொருவர் அறிகிறோம். இலக்கியம் பேசக் கூடினாலும் அதற்கும் வட்டம் என்றே பெயரிடுகிறோம். என் கண்ணிலும் ஒரு வட்டம் உண்டு. அதன் விளிம்பு தெளிவாயிருக்கிறது, நடுவில்தான் மூட்டம். தொலைவில் மண் அகழும் மாபெரும் இயந்திரம் எனக்குத் தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் நின்று கைகுலுக்கும் நண்பரின் முகம் தெரியாது. இம்முரண்பாட்டைப் பிறர்க்கு விளக்குவதே இந்நோயின் முதல் துன்பம்.

விழித்திரையின் நடுவே ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு பரப்பே மாக்குலா. எழுத்தை வாசிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் அதன் பணி. முதியோர்க்கு அது சிதைவதைப் பலரும் அறிவர். இளையோர்க்கு வரும் பரம்பரை வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவதை 1909இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் கார்ல் ஸ்டார்கார்ட் விவரித்தார்; அவர் பெயராலேயே அது வழங்குகிறது. அதற்குக் காரணமான மரபணு 1997இல் கண்டறியப்பட்டது. ஒளியை உணரும் செல்களில் வைட்டமின் ஏ பயன்பட்டபின் எஞ்சுவதை அகற்ற ஒரு புரதம் வேண்டும். அது பழுதுற்றால் கழிவு தேங்கி, காலப்போக்கில் அச்செல்களையே அழிக்கிறது. கண்ணாடியை மாற்றினால் தீராது. முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை, ஆய்வுகள் நடைபெறுகின்றன. எனினும் ஓரப்பார்வை பெரும்பாலும் நிலைத்திருப்பதால், முழு இருளுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

‘கண்ணுக்கு நல்லது’ என்று அன்பினால் வைட்டமின் ஏ மாத்திரை வாங்கித் தருவோர் உண்டு. இந்நோயில் அம்மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது. தேங்கும் கழிவை அவை மிகுவிக்கக் கூடும். பொன்னாங்கண்ணிக் கீரையை வழக்கம்போல் உண்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இச்செய்தி கேட்ட நாள்முதல் என் அன்னை ‘நான் செய்த பாவம்’ என்றே புலம்பினார். இது பாவமன்று, கணக்கு. இந்நோயின் பெரும்பான்மை வகையில், பெற்றோர் இருவரும் பழுதுற்ற மரபணுவின் ஒரு படியைத் தாமறியாமலே தாங்கியிருப்பர். அவர்கள் கண்ணுக்கு ஒரு குறையும் இராது. இரண்டு படிகளும் ஒரு பிள்ளைக்கு வந்து சேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் மகளை மணப்பதும் அக்காள் மகளை மணப்பதும் வழக்கமாயிருந்த நம் குடும்பங்களில், ஒரே மூதாதையிடமிருந்து வந்த படி இருபுறமும் இருக்கும் வாய்ப்பு மிகுதி. இதனை மறைப்பதால் யாருக்கும் நன்மையில்லை. திருமணப் பேச்சின்போது சாதகத்தைப் பார்க்கும் நாம், மரபணு ஆலோசனை ஒன்றையும் கேட்டறிதல் நன்று.

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். பார்வையிழந்த புலவர்களைத் தமிழ் போற்றியே வந்துள்ளது. அந்தகக்கவி வீரராகவ முதலியாரை அறிவோம். மூன்றாம் வயதில் அம்மை நோயால் கண்ணிழந்த பழநி மாம்பழக்கவிச்சிங்க நாவலரை அறிவோம். நமக்கு அண்மையிலுள்ள சிதம்பரத்தின்மேல் தில்லைக் கலம்பகம் பாடிய இரட்டைப் புலவருள் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். ஒருவர் தோளில் மற்றவர் அமர்ந்து வழிகாட்டினார் என்றும், ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடித்தார் என்றும் மரபு கூறும். இவர்களெல்லாம் எனக்கு ஊக்கமே. ஆயினும் என் நிலையை இவர்களிடம் நான் காணவில்லை. நான் கண்ணில்லாதவனல்லன், கண்ணுள்ளவன் என்று சொல்லிக்கொள்ளவும் இயலாதவன். பேருந்தின் பலகையை வாசிக்கக் கேட்டால் ‘படிக்கத் தெரியாதா’ என்கிறார்கள். கீழே கிடக்கும் காசைக் குனிந்து எடுத்தால் ‘நன்றாகத்தானே தெரிகிறது’ என்கிறார்கள். இருளுக்கும் ஒளிக்கும் ஆயிரம் உவமை படைத்த நம் கவிதை, இவ்விரண்டுக்கும் இடையில் வாழ்பவனை இனித்தான் பாட வேண்டும்.

ஆனால் அதற்குரிய சொல் தமிழில் முன்னரே இருக்கிறது. அது கடைக்கண். காதலியின் கடைக்கண் என்றும், அம்பிகையின் கடைக்கண் என்றும் காதலுக்கும் அருளுக்கும் வழங்கிய சொல், எனக்கு வாழும் முறையாயிற்று. திருமணத்தன்று காட்டும் அருந்ததி போன்ற மங்கிய விண்மீனைத் தேடும்போது, நேரே நோக்குவதைவிடச் சற்று விலக்கி நோக்கினால் எளிதில் புலப்படுவதை நீங்களும் கண்டிருக்கலாம். விழித்திரையின் நடுவிடம் மங்கிய ஒளியை நன்கு உணராது. அதனைச் சூழ்ந்த பகுதி உணரும். எம்போன்றோர்க்குப் பகலிலும் அதுவே வழி. ஓரத்தில் எவ்விடம் நன்றாகத் தெரிகிறதோ அதனைக் கண்டுபிடித்து, அதனாலேயே நோக்கப் பழக வேண்டும். குறைபார்வைப் பயிற்சி நிலையங்களில் இதனை முறையாகக் கற்பிக்கின்றனர். ஆகையால், உங்களோடு பேசும்போது நான் வேறெங்கோ பார்ப்பதாகத் தோன்றினால் அது மரியாதைக் குறைவன்று. அப்போதுதான் உங்களைப் பார்க்கிறேன்.

இவ்வாறு வேறு வழி கண்டோர் பலர். ஒன்பதாம் வயதில் இதே நோய் கண்ட அமெரிக்க வீராங்கனை மார்லா ரன்யன், 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் இறுதி ஓட்டத்தில் எட்டாவதாக வந்தார். நம் மண்ணில், முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய மருத்துவர் கோ. வெங்கடசாமி, அவ்விரல்களுக்கேற்ப அறுவைக் கருவிகளைப் பிடிக்கப் பழகினார். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இழந்ததை எண்ணியிருந்தால் அவ்விரல்கள் எத்தனையோ பேருக்குப் பார்வை அளித்திரா.

என் தோல்வியையும் சொல்லிவிடுகிறேன். கனரக ஊர்தி ஓட்டும் பணியே என் கனவு. கண் சோதனையில் அது முடிந்தது. அத்துயரம் தீர்ந்துவிட்டதென்று சொன்னால் பொய்; தைரியம் சொல்ல வந்தவர்கள் அதற்கு அழ இடம் தந்திருந்தால் விரைவில் தேறியிருப்பேன். பின்னரே சட்டத்தைப் படித்தேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வையையும் ஊனமாக ஏற்கிறது. அரசுப் பணியில் உள்ள நான்கு விழுக்காட்டு ஒதுக்கீட்டில் ஒரு விழுக்காடு பார்வையின்மைக்கும் குறைபார்வைக்கும் உரியது. இன்று கைபேசி எழுத்தைப் பெரிதாக்குகிறது. தமிழை வாசித்தும் காட்டுகிறது. அதன் குரலில் சந்தம் சற்றுத் தடுமாறும், பொறுத்துக்கொள்கிறேன்.

நிறைவாக, இவ்வட்டத்திடம் மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, என்னிடம் வரும்போது ‘யாரென்று சொல், பார்க்கலாம்’ என்று விளையாடாமல் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். இரண்டாவது, நம் மலர்களைச் சற்றுப் பெரிய எழுத்தில், கருமை தெளிந்த மையில், படத்தின்மேல் அச்சிடாமல் வெளியிடுங்கள். முதிய உறுப்பினர்களும் வாழ்த்துவர். மூன்றாவது, கவியரங்கில் கையெழுத்துப் படியைச் சுற்றுக்கு விட்டுவிடாது, ஒவ்வொரு கவிதையையும் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். தமிழ்க் கவிதை செவிக்கென்றே பிறந்தது.

திருக்குறளில் கண்ணோட்டம் என்றே ஓர் அதிகாரம் உண்டு. இன்று கருத்து என்னும் பொருளில் நாம் வழங்கும் அச்சொல்லுக்கு வள்ளுவர் கொண்ட பொருள் இரக்கம். நான் இரக்கம் கேட்கவில்லை. அதனினும் சற்றுக் கடினமான ஒன்றை, கவனத்தைக் கேட்கிறேன். கவிஞர்களாகிய உங்களிடம் அது நிறைய உண்டு என்ற துணிவில் கேட்கிறேன்.