திலகவதியார் காத்திருந்த காலம்



இறைவன் காட்டும் வழியைப் பற்றி இந்த ஆண்டு விழாவில் சில வார்த்தைகள் பேச வேண்டும் எனச் செயலாளர் பணித்தார். நான் பத்தாம் வகுப்பு வரை படித்துச் சரக்கு அலுவலகத்தில் கணக்கு எழுதுபவன், சாத்திரம் கற்றவனல்லேன். ஆயினும் பண்ருட்டிப் பக்கத்தில் பிறந்தவன் ஆதலின் திருவாமூரையும் திருவதிகையையும் அறிவேன். அவ்விரண்டு ஊர்களுக்கும் உரிய ஓர் அம்மையாரைப் பற்றியே பேச எண்ணுகிறேன்.

முதலில் நம் தொழிலிலிருந்து ஒன்று. ஒற்றைப் பாதையில் பந்து டோக்கன் வழங்கிய காலம் இங்குள்ள மூத்த ஓட்டுநர்களுக்கு நினைவிருக்கும். வளையத்தில் தொங்கும் பையில் ஓர் உலோகப் பந்து வரும். அது அடுத்த நிலையம் வரைக்குமே செல்லும். அதற்கப்பால் பாதை எப்படி இருக்கிறது என்று ஓட்டுநர் அறியார். அங்கே சென்று அதைக் கொடுத்த பின்னரே அடுத்த பந்து கிடைக்கும். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இரு நிலையக் கருவிகளிலிருந்தும் வேறு பந்து வாராது என்னும் உறுதி ஒன்றைக் கொண்டே நள்ளிரவிலும் வண்டியை ஓட்டினார்கள். இவ்வுவமை இறை நம்பிக்கைக்கு ஓரளவே பொருந்தும். ஓட்டுநர் ஐயுற்றால் மறுநாள் கட்டுப்பாட்டு அறைக்குச் சென்று வண்டிகளின் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளலாம். நமக்கு அந்த வரைபடத்தைக் காட்டுவார் இல்லை.

சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்த மகள் திலகவதியார். அவருக்குத் தம்பி மருள்நீக்கியார். அம்மையாரைக் கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு மணம் பேசினார்கள். மணம் நிகழுமுன் மன்னன் ஏவலால் அவர் வடபுலத்துப் போருக்குச் சென்றார். தந்தை நோயுற்று மறைந்தார். தாயும் உடன் மறைந்தார். வடக்கே சென்றவரும் திரும்பவில்லை. நாமெல்லோரும் வடக்கே வந்து பிழைப்பவர்கள். அந்தச் செய்தி ஒரு வீட்டில் எவ்வாறு விழுந்திருக்கும் என்று நமக்குத் தெரியும்.

அம்மையார் உயிர்விடத் துணிந்தார். தம்பி காலில் விழுந்து அழுதான். அவனுக்காக உயிர் தாங்கினார். அத்தம்பியோ வளர்ந்தபின் பாடலிபுத்திரம் சென்று சமண சமயத்தில் சேர்ந்து தருமசேனர் எனப் பெரும்பெயர் பெற்றார். (சமணரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. நம் காலனியில் சுவர் பகிர்ந்து வாழும் நல்ல அண்டை வீட்டார் பலர் அச்சமயத்தவரே.) எவனுக்காக உயிர் வைத்திருந்தாரோ அவனும் போய்விட்டான். அம்மையார் கெடிலக் கரையிலுள்ள திருவதிகை சென்று, கோயிலைப் பெருக்கி மெழுகி, மாலை தொடுத்து வாழ்ந்தார்.

நாட்கள் பல சென்றபின் இறைவன் கனவில் தோன்றினார். "கவலையை விடு, அவனைச் சூலை நோய் கொடுத்து ஆட்கொள்வோம்" என்பது அவர் சொன்னதன் பொருள். இதைப் படிக்கும்போதெல்லாம் நான் திகைப்பதுண்டு. தம்பியைத் தாய்போல் வளர்த்தவளுக்கு, அவன் வயிற்றில் தீராத வலி வரும் என்பதா ஆறுதல்? எப்பொழுது வரும், அதைத் தாங்குவானா என்பவை சொல்லப்படவில்லை. அம்மையார் கேட்டதாகவும் இல்லை.

வலி வந்தது. தருமசேனர் சமையற்காரனை அனுப்பித் தமக்கையாரை அழைத்தார். அவர் அங்கு வர மறுத்துவிட்டார். பின்னர் இரவோடிரவாகத் தாமே நடந்து வந்து தமக்கையார் அடியில் விழுந்தார். அம்மையார் ஐந்தெழுத்து ஓதித் திருநீறு அளித்தார். பொழுது விடியுமுன், வழக்கம்போல் துடைப்பமும் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டே அவரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். தம்பி திரும்பிய அன்றும் பெருக்கும் வேலை நிற்கவில்லை. அன்று பாடத் தொடங்கியவரே திருநாவுக்கரசர்.

முடிவை அறிந்த நாம், "கலிப்பகையார் திரும்பி மணம் நடந்திருந்தால் நாவுக்கரசர் ஏது?" என்று எளிதாகக் கணக்குப் போடுகிறோம். கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். இந்தக் கணக்கை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. இறந்தவருக்கும் அவரை இழந்தவருக்கும் அது என்ன விடை? அம்மையார் அப்படிக் கணக்குப் பார்த்ததாகச் சேக்கிழாரும் சொல்லவில்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1991-ஆம் ஆண்டு எங்கள் தந்தையார் காலமானார். அப்பொழுது எனக்குப் பத்து வயது. என் அக்காளுக்குத் திருமணம் பேசி முடித்திருந்த நேரம். அது நின்றுவிட்டது. அக்காள் முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலைக்குப் போனார். அக்கொட்டையின் காரமான எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்துப் புண்ணாகும். அந்தக் கூலியில் என்னைப் படிக்க வைத்தார். பின்னர் மணம் செய்துகொள்ளவே இல்லை. எனக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தபோது உறவினர்கள், "எல்லாம் ஆண்டவன் போட்ட திட்டம்" என்றார்கள். நான் உண்ணும் சோற்றுக்காக அவர் வாழ்வு அப்படி ஆயிற்று என்பதே அதன் பொருள் ஆகிறது. அக்காள் முகத்தைப் பார்த்து அவ்வார்த்தையை என்னால் சொல்ல முடிந்ததில்லை.

சென்ற பொங்கலுக்கு ஊர் சென்றபோது துணிந்து கேட்டேன்: "அக்கா, இதெல்லாம் சாமி போட்ட வழி என்கிறார்களே, உங்களுக்கு அப்படித் தோன்றுகிறதா?"

அக்காள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு என்ன தெரியும் தம்பி? அப்பா போன மறுநாள் காலையில் மாடு கத்தியது. எழுந்து போய்த் தண்ணீர் வைத்தேன். நீ ரயில்வேக்குப் போவாய் என்று தெரிந்தா வைத்தேன்? சாமி இருக்கிறார் என்று மட்டும் தெரியும்" என்றார். சொல்லிவிட்டு, நான் இங்கு எடுத்து வருவதற்காக முந்திரிப் பருப்பைத் தாளில் பொட்டலம் கட்டத் தொடங்கினார்.