நமது நூதனசாலையும் நமது பொறுப்பும்



நூதனசாலை என்ற சொல்லைக் கேட்டவுடனே நம் மனக்கண்முன் தோன்றுவது யாது? 1877ஆம் ஆண்டு கொழும்பிலே திறக்கப்பெற்ற அந்தப் பெரிய வெள்ளை மாளிகையும், அதனுள்ளே கண்டி அரசரின் சிம்மாசனமும், கண்ணாடிப் பெட்டிகளுமேயாம். அத்தகைய இடத்திலே, கொட்டகலைத் தோட்டமொன்றின் லயத்தில் சுவரோரம் சாத்திக் கிடக்கும் கவ்வாத்துக் கத்திக்கும், பாட்டி சுமந்த கொழுந்துக் கூடைக்கும் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். அவற்றுக்கும் அங்கே இடமுண்டு. அந்த இடத்தை வகுக்க வேண்டியவர்கள் நாமே என்பதைத்தான் இன்று எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

நம் மலைநாட்டிலேயே இருவகை நூதனசாலைகள் உள்ளன. கண்டிக்கு அருகே ஹந்தானையில், 1925ஆம் ஆண்டிலே கட்டப்பெற்ற தொழிற்சாலையொன்று 2001ஆம் ஆண்டு தேயிலை நூதனசாலையாயிற்று. பழைய இயந்திரங்களும், 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரை நினைவூட்டும் பொருள்களும் அங்கே உள்ளன. பார்க்கத் தக்க இடமே. ஆயினும் அது தேயிலையின் சரித்திரம். கொழுந்து பறித்த கைகளின் சரித்திரத்தைக் காண வேண்டுமாயின், கம்பளைப் பக்கத்திலுள்ள ஓல்ட் பீகொக் தோட்டத்துக்குச் செல்ல வேண்டும். கண்டியைச் சேர்ந்த சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் அங்கே தோட்டத் தொழிலாளர் நூதனசாலையையும் ஆவணக் காப்பகத்தையும் அமைத்தது. அதற்கென மாளிகை எழுப்பவில்லை. பழைய லயமே நூதனசாலையாயிற்று. தொழிலாளர் புழங்கிய வீட்டுச் சாமான்களும் வேலைக் கருவிகளும் வாத்தியங்களுமே அங்கே காட்சிப் பொருள்கள்.

உலகமும் இவ்வழிக்கே வந்துகொண்டிருக்கின்றது. 1967இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரிலே, கறுப்பின மக்கள் வாழும் அனகோஸ்டியா என்னும் பகுதியில், பழைய படமாளிகையொன்றிலே அயலவர்க்கென ஒரு நூதனசாலை திறந்தார்கள். 1969இல் அங்கே நடந்த கண்காட்சியின் பொருள் என்ன தெரியுமா? எலி! அப்பகுதி மக்களை அன்றாடம் வாட்டிய தொல்லை அதுவே. ஆகவே அதையே காட்சியாக்கினார்கள். 2022இல் பிராக் நகரிலே கூடிய சர்வதேச நூதனசாலைகள் சபையும், மக்கள் சமூகங்களின் பங்கேற்போடு இயங்குவதே நூதனசாலை என்று தன் வரையறையிலே சேர்த்துக்கொண்டது.

இதிலே நமக்குள்ள படிப்பினை ஒன்று. பொருளைக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. அப்பொருளைப் பற்றி என்ன சொல்வது என்பதிலும் நமக்குப் பங்கு வேண்டும். தப்பை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையிலே பிரட்டுக்கு ஆள்களை எழுப்பியது தப்பு. காமன் கூத்துக்கு உயிர் கொடுப்பது தப்பு. இழவு வீட்டிலும் தப்பு. ஆனால் அதை அடித்தவர்களையே சாதியின் பேரால் ஒதுக்கி வைத்த கதையும் நம்மிடையே உண்டு. “தோற்கருவி” என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டால் இந்த உண்மை மறைந்துபோகும். அதை அடித்த குடும்பத்தாரை அழைத்து, “உங்கள் தப்பைப் பற்றி நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்பதே முறை. அவர்கள் இதைப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம், திருவிழாவுக்கு எடுத்துப் போவோம் என்றாலும், அதுவும் நியாயமே.

கடதாசிகளும் அவ்வாறே. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவாயிற்று. அண்ணன் அக்கரையிலும் தம்பி இக்கரையிலுமாகப் பிரிந்த குடும்பங்களின் தகரப் பெட்டிகளிலே கடிதங்களும் படங்களும் இருக்கின்றன. அவை குடும்பத்தின் சொத்து. அனுமதி கேட்டுப் பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

“புகை மண்டிய காம்பராவையும் கிழிந்த கம்பளியையும் ஊரார்க்குக் காட்டுவது நமக்கு அவமானம் அல்லவா?” என்று பெரியோர் சிலர் வினவுவர். அக்கேள்வியை நாம் தட்டிக் கழித்தலாகாது. காட்டுவதா, எப்படிக் காட்டுவது என்று தீர்மானிக்கும் சபையிலே அவர்களே முதலில் அமர வேண்டும். மேலும் ஒன்று. லயம் என்பது இன்னும் பழங்கதை ஆகிவிடவில்லை. நம்மவர் பலர் இன்றும் லயத்திலேயே வாழ்கின்றனர். நூதனசாலையிலே லயத்தைக் கண்டு வியந்து செல்பவர், அடுத்த மலையிலே அதே அறையில் ஒரு குடும்பம் இன்று உலை வைத்துக்கொண்டிருக்கிறது என்பதையும் அறிந்து செல்ல வேண்டும். அதைச் சொல்லாத நூதனசாலை பாதிதான் பேசுகின்றது.

இளைஞர்களே! 1823இல் கம்பளைச் சீமையிலே கோப்பித் தோட்டம் தொடங்கியதை எண்ணி, 2023இல் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்தோம். விழா முடிந்துவிட்டது; வேலை முடியவில்லை. பழைய இரும்பு வாங்குபவர் லயத்துக்கு வருமுன் நாம் போக வேண்டும். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். பொருளின் பெயரைத் தோட்டத்துப் பேச்சிலேயே எழுதுங்கள். முள்ளு, சுரண்டி, படங்கு என்று பாட்டி சொன்னபடியே எழுதுங்கள். யார் புழங்கியது, எந்த மலையில், எக்காலத்தில் என்றும் கேட்டெழுதுங்கள். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

பெரியோர்களே! பிள்ளைகள் கேட்டு வரும்போது, “இதெல்லாம் எதற்கடா?” என்று அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் இருத்திச் சொல்லுங்கள். உங்கள் நினைவுக்கு நிகரான ஆவணம் வேறெங்கும் இல்லை.